பன்னிரண்டு வில் தராசுகள்

எங்கள் பள்ளியில் புதிதாகக் கட்டியிருக்கும் இயற்பியல் ஆய்வகத்துக்குச் செல்வராணி டீச்சரின் பெயரை வைக்கிறார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. திறப்பு விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, இப்போதைய இயற்பியல் ஆசிரியர்கள் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். "அவங்க கூட அதிக வருசம் வேலை பாத்தது நீங்கதான் சார். அப்ப லேப் எப்படி இருந்துச்சு, எப்படி நடத்துனீக, எதுனாலும் எழுதுங்க" என்றார்கள்.

அவருடன் வேலை பார்த்தது பதினேழு ஆண்டு, நான்கு மாதம். பள்ளியில் என் மொத்தப் பணி முப்பத்து மூன்று ஆண்டு. அதில் இருபத்தெட்டு ஆண்டு ஆய்வகத்தின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பெயர்ப் பலகையில் அவர் பெயர் வருகிறது. வந்தவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. காபி கொடுத்தேன். ஒருவர் முழுவதும் குடித்தார், ஒருவர் பாதி வைத்துவிட்டார்.

இது பொறாமையில் எழுதப்படுகிறது என்று படிப்பவர்களுக்குத் தோன்றினால், சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நடந்ததில் எனக்குச் சாதகமானது குறைவு என்பதால் நம்பலாம்.

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. பன்னிரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல். நாங்கள் நான்கு பேர் ஆண் பிள்ளைகள், படிக்கப் போனது நான் ஒருவன். மதுரையில் ஐந்து ஆண்டு, ஆசிரியர் பயிற்சி ஓர் ஆண்டு, வேலைக்குக் காத்திருந்தது இரண்டு ஆண்டு. என் ஆசிரியர் நியூட்டனின் விதிகளை எப்படி எழுதிப் போட்டாரோ அப்படியே நானும் எழுதிப் போட்டேன். முதல் விதிக்கு ஒரு பாடவேளை, இரண்டாம் விதிக்கு மூன்று, மூன்றாம் விதிக்கு ஒன்று, கணக்குகளுக்கு நான்கு. பத்தாவது பாடவேளையில் தேர்வு. பதினொன்றாம் வகுப்புக்குப் பத்தொன்பது ஆண்டுகள் இந்தக் கணக்கில் ஒரு பாடவேளை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

பள்ளி விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தீப்பெட்டிக்கோ பட்டாசுக்கோ வேலைக்குப் போவார்கள். தீபாவளிக்கு முந்தைய சீசன் மாதங்களில் வீட்டில் ஆள் இருக்காது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளைகள் லீவு போடும். அந்த மாதங்களில் என் வகுப்பில் சராசரியாக ஒன்பது பேர் குறைவார்கள்.

செல்வராணி டீச்சர் திருத்தங்கல் பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அம்மா வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டியவர். டீச்சர் முதல் மூன்று ஆண்டு ஒன்பதுக்கும் பத்துக்கும் போனார். என் பத்தொன்பதாம் ஆண்டில் பதினொன்றாம் வகுப்பு இரண்டு பிரிவாக ஆனது. 'அ' பிரிவு எனக்கு, 'ஆ' பிரிவு அவருக்கு. இரண்டு வகுப்பறைக்கும் நடுவில் தட்டி. அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவதும் அவருக்குக் கேட்டிருக்கும்.

முதல் விதியை அவர் தொடங்கிய நாள் நினைவிருக்கிறது.

"ஏலே, லோடு லாரி சடக்குன்னு பிரேக் போட்டா மேல இருக்கிற பண்டல் எங்கன போகும்?"

"முன்னாடி சரியும் டீச்சர்."

"யாரு தள்ளுனா?"

பிறகு ஒரு பெண்ணின் குரல்: "யாரும் தள்ளலை டீச்சர். அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. லாரிதான் நின்னுருச்சு."

"உங்க வீட்டுல யாரும்மா லாரி ஓட்டுறது?"

"எங்க அப்பா லோடுமேன் டீச்சர். பண்டலோட அவரும் ஒருதரம் சரிஞ்சாரு."

வகுப்பு முழுதும் சிரித்தது. அந்தப் பாடவேளையில் அவர்கள் சிரித்தது பதினோரு முறை. என் வகுப்பில் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தட்டியைப் பார்த்தார்கள். மூன்றாம் விதிக்கு நான் துப்பாக்கியையும் குண்டையும் சொன்னேன், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. என் நாற்பது பேரில் துப்பாக்கியைக் கண்டவர் யாரும் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் வாணத்தின் வெற்றுக் குழாய் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. "இது எதைத் தள்ளிட்டு மேல போகுது?" என்று கேட்கிறார். தரையை என்கிறார்கள். "தரையை விட்டுத்தான் மேல போயிருச்சே, பெறகு எதை?" என்கிறார். புகையை, புகையை என்று நாலு பக்கமிருந்தும் குரல் வருகிறது. நான் கரும்பலகையில் துப்பாக்கியின் படத்தை வரைந்து முடித்தேன்.

அவரிடம் இல்லாதது என்னிடம் ஒன்று இருந்தது. அது ஆய்வகத்தின் இரும்பு பீரோ. அதற்குள் கப்பி எட்டு, எடைக்கல் பெட்டி ஆறு, நிறுத்துக் கடிகாரம் ஐந்து, சுருள்வில் தராசு பன்னிரண்டு. தராசுகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை வெள்ளை வர்ணத்தில் எண் எழுதிய கொக்கிகள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆய்வக உதவியாளர் கருப்பசாமி பக்கத்தில் நிற்பார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவசரத்துக்கு அவரிடமும் ஒரு சாவி உண்டு. சூலக்கரை கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "இத்தனை வருசத்துல ஒண்ணுகூடக் கொறையலையா" என்று கேட்டுவிட்டுப் பதிவேட்டில் 'முன்மாதிரி' என்று எழுதினார். அந்தப் பக்கத்தை நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன்.

ஒன்றும் குறையாததற்குக் காரணம் எளிது. தராசுகளை நான் வெளியே எடுத்ததில்லை. பாடத்திட்டச் சோதனைகளில் வில் தராசு கட்டாயமில்லை. படம் வரைந்து காட்டினால் போதும். என் படங்கள் நன்றாக இருக்கும்.

டீச்சர் ஒருமுறை கேட்டார். "சார், ரெண்டு தராசு ஒரு பீரியடுக்குத் தருவீகளா?"

"எழுதிக் கொடுங்க டீச்சர். ஹெச்.எம். கையெழுத்து வாங்கிட்டு எடுத்துத் தர்றேன்."

"ஒரு பீரியடுக்கா சார்?"

"ஒரு நிமிசத்துக்குன்னாலும் அதான்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

அந்த ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர் ஓய்வு பெறும் ஆண்டு. அடுத்து யார் என்பதுதான் பேச்சு. பன்னிரண்டு எடுப்பவரின் பெயர்தான் தேர்வு முடிவு வரும்போது பலகையில் ஏறும். பெற்றோர் தேடி வருவதும் அவரைத்தான். பத்தொன்பது ஆண்டுகள் நான் அதற்காகக் காத்திருந்தேன். டீச்சர் வந்து மூன்று ஆண்டுதான். பணிமூப்புப்படி எனக்குத்தான் வர வேண்டும். ஆனால் எங்கள் தலைமை ஆசிரியர் பணிமூப்பைப் பார்ப்பவர் அல்ல.

அவர் வரலாறு படித்தவர். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். நம் மேசைக்கு வந்து நிற்பார். மேசையில் இருக்கும் ஏதாவது ஒன்றை எடுப்பார். குண்டூசி டப்பாவோ, கண்ணாடிக் கூடோ, பேனாவோ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார். பதில் மனதுக்கு ஒப்பினால் பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பார். ஒப்பவில்லை என்றால் அதைக் கையில் வைத்தபடியே போய்விடுவார். ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பொருள் போய்விட்டதா, இருக்கிறதா என்பதை வைத்து நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ஆகஸ்டு கடைசியில் என் மேசைக்கு வந்தார். சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். "காலாண்டுப் பரீட்சை வரட்டும். 'அ'வா 'ஆ'வான்னு பாப்போம். எந்தப் பிள்ளைக நல்லா எழுதுதுகளோ அந்த வாத்தியார் அதுகளோட பன்னெண்டுக்குப் போகட்டும். சரிதானா சார்?"

"சரி சார்."

டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வினாத்தாளை ஒருவர் எடுப்பார். விடைக்குறிப்பையும் அவரே எழுதுவார். திருத்துவது மட்டும் மாற்றித் திருத்த வேண்டும். 'அ' பிரிவுத் தாள் 'ஆ' ஆசிரியருக்கு, 'ஆ' பிரிவுத் தாள் 'அ' ஆசிரியருக்கு. அந்தக் காலாண்டுக்கு வினாத்தாள் என்னுடையது.

ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. நான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்பது. மேசையின் இரண்டு ஓரத்திலும் கப்பி. நடுவில் ஒரு வில் தராசு படுத்திருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் நூல். இரண்டு நூலும் கப்பிகளின் மேலாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ. தராசு எவ்வளவு காட்டும்? படம் வரைந்து விளக்குக. என் விடைக்குறிப்பு: இரண்டு கிலோ. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆக இரண்டு. என் ஆசிரியர் எனக்கு அப்படித்தான் சொன்னார்.

'ஆ' பிரிவில் நாற்பத்திரண்டு தாள். முதல் தாளில் ஒரு கிலோ என்று இருந்தது. சுழி போட்டேன். இரண்டாவதிலும் ஒரு கிலோ. ஐந்தாவது தாளுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது, டீச்சர் தப்பாக நடத்தியிருக்கிறார். அப்போது எனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டில் முப்பத்தொரு பேர் ஒரு கிலோ என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தொரு சுழிகளையும் நிதானமாக, வட்டம் கோணாமல் போட்டேன்.

மறுநாள் டீச்சர் என் பிரிவுத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாக் கேள்வியும் திருத்தியிருந்தது. அந்த ஒரு கேள்வி மட்டும் நாற்பது தாளிலும் திருத்தாமல் இருந்தது.

"இது என்ன டீச்சர்?"

"விடைக்குறிப்புல ரெண்டுன்னு இருக்கு சார்."

"ஆமா."

"ஒண்ணுதான் சார் வரும்."

"ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோ தொங்குது டீச்சர். எப்படி ஒண்ணு வரும்? ஒரு பக்கத்துக் கல்லை எண்ணாம விட்டுட்டீகளா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சன்னல் கம்பியில தராசை மாட்டி ஒரு கிலோ தொங்கவிட்டா ஒண்ணு காட்டுமா சார்?"

"காட்டும்."

"அப்ப கம்பி சும்மாவா இருக்கு? அதுவும் அம்புட்டு இழுத்தாத்தானே தராசு கீழ விழாம நிக்கும். கம்பிக்குப் பதிலா அங்கன ஒரு கிலோவைக் கட்டியிருக்கீக, அவ்வளவுதானே சார். பீரோவைத் திறந்தா ரெண்டு நிமிச வேலை."

ஆசிரியர் அறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அன்று மாலை ஐந்து பத்து பஸ்ஸுக்குக் கருப்பசாமி போன பிறகு, நான் மட்டும் ஆய்வகத்துக்குப் போனேன். பீரோவைத் திறந்து மூலையில், கடைசிக் கொக்கியில் இருந்த தராசை எடுத்தேன். அதை எடுத்தால் வரிசையில் இடைவெளி தெரியாது. பதினான்கு ஆண்டு ஆகியும் அதன் முனை மினுங்கியது. என் பராமரிப்பை நானே மெச்சிக்கொண்டேன். மேசை ஓரத்துக் கப்பிகளில் நூலைப் போட்டு இரண்டு பக்கமும் ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டேன்.

முள் ஒன்றில் நின்றது.

தராசைத் தட்டினேன். ஒன்று. கல்லை மாற்றினேன். ஒன்று. இரண்டு பக்கமும் அரைக் கிலோ போட்டேன். அரை. தராசைச் சன்னல் கம்பியில் மாட்டி ஒரு பக்கம் மட்டும் ஒரு கிலோவைத் தொங்கவிட்டேன். அப்போதும் ஒன்று. கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ சன்னல் கம்பி, எத்தனையோ கொக்கி, எத்தனையோ சுவர் படங்களில் வரைந்திருக்கிறேன். அவை இழுக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. கல்லை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் விடை சரி என்றால் 'அ' பிரிவின் சராசரி 61.2, 'ஆ' பிரிவு 59.4. அவர் விடை சரி என்றால் 'அ' 56.7, 'ஆ' 63.1. என் நாற்பதில் முப்பத்தாறு பேர் இரண்டு என்று எழுதியிருந்தார்கள், நான் சொல்லிக் கொடுத்தபடி.

அதன் பிறகு செய்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருப்புப் பதிவேட்டை எடுத்து, 'கழிவு செய்யப்பட வேண்டியவை' என்ற தலைப்பில் முந்தைய வாரத்துத் தேதி போட்டு எழுதினேன்: சுருள்வில் தராசு, எண்ணிக்கை பன்னிரண்டு, சுருள் துருப்பிடித்து அளவு பிழையாகக் காட்டுகிறது, பயன்படுத்த இயலாது. ஒன்றுகூடக் குறையாமல் காத்த பன்னிரண்டையும் ஒரே வரியில் இல்லாமல் ஆக்கினேன். கையெழுத்து எப்போதும் போலத் திருத்தமாக வந்தது.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். டீச்சரும் எழுந்து வந்து நின்றார். தலைமை ஆசிரியர் என் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்னமோ ஒண்ணா ரெண்டான்னு பேச்சாமே. கருவி இருக்குல்ல சார்? அதுகிட்டயே கேட்டுருவோம்."

"தராசு எதுவும் சரியில்லை சார். போன வாரமே கழிவுக்கு எழுதிட்டேன்."

"எத்தனை?"

"பன்னிரண்டும்."

"பன்னெண்டுமா சார்?" என்று டீச்சர் கேட்டார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அப்போது நான் அதை இளக்காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணாந்தேதி பன்னெண்டும் சரின்னு எழுதியிருக்கீகளே" என்றார் தலைமை ஆசிரியர்.

"ஈரம் சார். துருப்பிடிச்சிருச்சு."

"ஈரமா?" பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "விருதுநகர்லயா?"

அறையில் யாரோ இருமினார்கள். அவர் என் பேனாவைக் கையில் வைத்தபடியே போய்விட்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு டீச்சர் ஆய்வகத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியர் வந்தார். என் பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. மேசையில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து நீளமாக வெட்டிய ஒரு பட்டை, நூல், கடையில் வாங்கிய ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டு. பட்டையில் சுண்ணாம்பால் இரண்டு புள்ளி வைத்திருந்தார்.

"தராசுக்குள்ள இருக்கிறதும் இழுத்தா நீளுற சாமான்தான் சார். இதுவும் நீளும். எம்புட்டு நீளுதுன்னு பாத்தாப் போதும்."

தலைமை ஆசிரியர் அளவுகோலை எடுத்தார். அதை டீச்சரிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார். "எண்ணுறதுல உங்களை விட்டா ஆளு யாரு சார்? நீங்க அளந்து சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

வெறும் பட்டையை அளந்தேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் இருபது சென்டிமீட்டர். டீச்சர் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டினார். மறுமுனை நூலைக் கப்பியின் மேலாக விட்டு ஒரு பாக்கெட்டைத் தொங்கவிட்டார். அளந்தேன். இருபத்தாறரை.

"ஆறரை நீண்டுருக்கு" என்றார் தலைமை ஆசிரியர். "சார் சொல்றபடின்னா அடுத்து எம்புட்டு வரணும்?"

"முப்பத்து மூணு."

"டீச்சர் சொல்றபடி?"

"இதே இருபத்தாறரை சார்."

டீச்சர் கம்பியிலிருந்து முனையை அவிழ்த்தார். அந்தப் பக்கக் கப்பியிலும் நூலைப் போட்டு இரண்டாவது பாக்கெட்டைக் கட்டி, மெதுவாகக் கையை எடுத்தார். பட்டை லேசாக ஆடி நின்றது.

நான் குனிந்தேன். என்ன வரும் என்று எனக்கு முந்தைய நாள் மாலையே தெரியும். முப்பத்து மூன்று என்று சொல்லியிருக்கலாம். வரலாற்று ஆசிரியர் குனிந்து பார்க்கப் போவதில்லை. டீச்சர் மேசையின் அந்தப் பக்கம் நின்றார். என் வாயிலிருந்து வருவதுதான் கணக்கு என்று சொல்லியாகிவிட்டது. பன்னிரண்டு தராசைப் பொய்யாக எழுத முடிந்த எனக்கு, கோலை வைத்து அளந்த எண்ணை மாற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை. அது நேர்மை இல்லை. எத்தனையோ ஆண்டுப் பழக்கம்.

"இருபத்தாறரை. ஒரு மயிரிழை குறைவு. அது கப்பியோட உராய்வு" என்றேன்.

தலைமை ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து என் பேனாவை எடுத்து, என் முன்னால் மேசையில் வைத்தார். "டீச்சர் பன்னெண்டு எடுக்கட்டும்" என்றார். கொஞ்சம் நின்று, "சார் ஸ்டாக்கைப் பாத்துக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

முப்பத்தொரு சுழியையும் நானே அடித்துத் திருத்தி ஐந்து போட்டேன்.

கழிவு செய்த பொருளைத் தலைமை ஆசிரியர் முன்னிலையில் சுத்தியலால் உடைத்து, 'அழிக்கப்பட்டது' என்று எழுத வேண்டும் என்பது விதி. அவர் வரவில்லை. "நீங்களே உடைச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். நான் சுத்தியலை எடுத்துப் பார்த்தேன். பிறகு பன்னிரண்டையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தேன். இருபத்தைந்து ஆண்டாக அங்கேதான் இருந்தன.

அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டு நான் பதினொன்றாம் வகுப்பிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். இரண்டு பிரிவுக்கும் இயக்க விதிகளை நடத்தி அனுப்புவேன். பிள்ளைகள் அடுத்த ஆண்டு அவரிடம் போவார்கள். எங்காவது பார்க்கும்போது, "செல்வராணி டீச்சர் ஸ்டூடண்டு நான்" என்பார்கள். உன் பதினொன்றாம் வகுப்புக்கு யார் வந்தது என்று நான் கேட்பேன். சிலர் யோசிப்பார்கள். இதுவரை யோசித்தவர்கள் இருபத்தாறு பேர்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுத் திருத்தங்கலில் இருக்கிறார்.

"நல்லா இருக்கீகளா சார்? வீட்டுல அக்கா சௌகரியமா?"

"இருக்கோம். டீச்சர், மலருக்கு எழுதுறேன். அந்தத் தராசு விசயத்தையும் எழுதப் போறேன். பன்னெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் எழுதினேன்."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"அதுல ஒரு தராசு, நீங்க எழுதுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் நான் வாங்கி வச்சது. அதுக்குள்ள எப்படித் துருப்பிடிக்கும்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் நான் ஒருநாள் லீவு. அண்ணன் பேத்திக்குக் காது குத்து. அன்று கருப்பசாமி தன் சாவியால் பீரோவைத் திறந்து டீச்சருக்கு ஒரு தராசைக் கொடுத்திருக்கிறார். 'ஆ' பிரிவு முழுவதும் அதில் கப்பி போட்டுப் பார்த்திருக்கிறது. கடைசி வரிசைக்குப் போனபோது கீழே விழுந்து சுருள் தெறித்துவிட்டது. டீச்சர் மதுரைக்குப் போய் அதே அளவில் ஒன்று வாங்கிவந்து மாட்டும் வரை கொக்கி காலியாக இருந்தது.

"ஒம்பது நாள் சார். நடுவுல ஆகஸ்டு ஒண்ணாந்தேதி வந்துச்சு. கருப்பசாமி அண்ணனுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நீங்க வந்தீக, எண்ணுனீக, பன்னெண்டு சரின்னு எழுதிட்டுப் போயிட்டீக."

"பதினொண்ணை எப்படி டீச்சர் பன்னெண்டுன்னு எண்ணியிருப்பேன்?"

"கொக்கியில நம்பர் இருக்குல்ல சார். அதை எண்ணியிருப்பீக."

"அன்னைக்கே ஹெச்.எம். கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே. நீங்க டியூப்புக்கு அலைஞ்சிருக்க வேண்டாமே."

"சொன்னா அண்ணன் வேலை என்னாகும்? ரெண்டு பொம்பளைப் பிள்ளைக. இப்ப அவரும் தவறிட்டாரு, சொல்லலாம்." பிறகு சிரித்தார். "ஆனா ஒண்ணு சார். உங்க பீரோவைப் பாத்து நான் எம்புட்டு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா? அம்புட்டுச் சாமானும் எண்ணெய் போட்டு வரிசையா தொங்குது. எனக்குச் சைக்கிள் டியூப்."

இதை அவர் சொன்னபோது காலை மணி பத்து நாற்பது. டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று பிற்பகல் மகனை ஏற்றிப் பரணிலிருந்து சாக்குப் பையை இறக்கச் சொன்னேன். தரையில் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. இந்த முறை எண்ணி முடித்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றின் முகத்தில் கிலோகிராம் மட்டும் இருக்கிறது. ஒன்றில் ஒரு பக்கம் கிலோகிராமும் மறுபக்கம் நியூட்டனும் இருக்கின்றன. முனை இன்னும் மினுங்குகிறது. அந்த மாலை என் கையில் இருந்தது அதுதான். முள் ஒன்றைக் காட்டியபோது, பக்கத்தில் நியூட்டன் என்று எழுதியிருந்ததுகூட என் கண்ணில் படவில்லை.

அது ஒரு கிலோ உப்புக்கு இன்றும் ஒன்றைக் காட்டுகிறது. மற்ற பதினொன்றும் காட்டுகின்றன.

பன்னிரண்டையும் இந்தக் கட்டுரையுடன் கொடுத்தனுப்புகிறேன். புதிய ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில் முதல் பக்கத்தில் ஏற்றுங்கள். சுருள்வில் தராசு பன்னிரண்டு என்று ஒரே வரியில் எழுத வேண்டாம். பள்ளிக்குச் சொந்தமானது பதினொன்று, அது ஒரு வரி. செல்வராணி டீச்சர் வாங்கிக் கொடுத்தது ஒன்று, அது தனி வரி. ஆகஸ்டு மாதத்தில் நான் போட்ட 'சரி' பழைய பதிவேட்டில் இருக்கும். அதை அடித்து, பதினொன்று என்று எழுதிவிடுங்கள். பக்கத்தில் என் கையெழுத்து வேண்டுமென்றால் வந்து போடுகிறேன்.

தராசுகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பீர்கள், அவர் பெயரில் இருக்கும் ஆய்வகம் அப்படித்தான் இருக்கும். ஒரு மாதத்துக்குள் ஒன்றிரண்டு உடையும். எது உடைந்தது என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.